சுவிட்சை மட்டும் பாருங்க நானா

கடையை மூடிவிட்டேன். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால், தையல்கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் இருந்த அந்த ஒடுங்கிய அறையில் இனி வேறு யாரோ செருப்பு விற்கப்போகிறார்களாம். கிற்றார் பெடல்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் எல்லாம் இனி உங்களிடம்தான் வருவார்கள். அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்து, "நானா, உங்கட அனுபவத்த எங்களுக்கு எழுதித் தாங்க" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டீர்கள். கீழே ஒரு தம்பி, "சுருக்கமா" என்றும் போட்டிருந்தார். மரியாதை இன்னும் சாகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நேற்றுத்தான் இந்த வேலைக்கு வந்தவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிற்றார்காரன் பத்து வருடம் விரல் தேயப் பழகி ஒரு நல்ல சத்தத்தை எடுப்பான். எடுத்ததும் நேரே நம்மிடம் வந்து, அதைக் கெடுத்துத் தரச்சொல்லிக் கேட்பான். அவன் காலடியில் கிடக்கும் அந்தச் சின்ன இரும்புப் பெட்டியின் வேலை அதுதான். மிதித்தால் கிற்றார் கரகரக்கும், எதிரொலிக்கும், முனகும், பூனை மாதிரிக் கத்தும். சத்தத்தைக் கெடுப்பது எல்லோராலும் முடியும். கேட்டவன் கேட்ட அளவுக்கு மட்டும் கெடுப்பதுதான் நம் தொழில்.

என்னிடம் வந்த ஆசைகளை எழுதினால் தனிப் புத்தகம் போடலாம். ஒருவருக்குக் கிற்றார் நாதஸ்வரம் போல அழவேண்டும். இன்னொருவருக்கு மீன்பிடிப் படகின் எஞ்சின் போல உறுமவேண்டும். செய்து கொடுத்தேன். சாய்ந்தமருதில் ஒரு கல்யாண வீட்டில் அதை அவர் மிதித்தபோது, வந்திருந்தவர்களில் பாதிப்பேர் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கடற்கரையைத் திரும்பிப் பார்த்தார்களாம். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

நம்ம ஊரில் இந்த வேலை தேவைதானா என்று கேட்டவர்களும் உண்டு. பள்ளிவாசல் மைக் பெட்டியும் என் மேசைக்குத்தான் வரும் என்பதால் கொஞ்சம் மெதுவாகக் கேட்டார்கள். அதிலும் ஜும்ஆவுக்கு முதல் நாளான வியாழக்கிழமைகளில் யாரும் கேட்டதில்லை.

சேர்க்கிட் விஷயம் எதையும் நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் போனில் கிடக்கிறது, என்னைவிட அழகாகப் படம் போட்டுச் சொல்கிறார்கள். போனில் இல்லாதது ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த பெரிய பிழை. திறமை போதாமல் நடந்திருந்தால் மறந்திருப்பேன். இது திறமை கூடிப்போய் நடந்தது.

காரைதீவில் நேசன் என்று ஒரு கணித ஆசிரியர் இருக்கிறார். அதிகம் கதைக்கமாட்டார், கிற்றாரும் நன்றாக வாசிப்பார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த வெயிலோடு கடைக்கு வந்து, துருவேறிய ஒரு பெடலை மேசையில் வைத்தார். கரகரப்புச் சத்தம் தருகிற பழைய சாதி.

"நானா, இதுர சுவிட்ச் இறுகுது. மிதிச்சா ஓன் ஆகுது, மறுகா மிதிச்சா சிலநேரம் நிக்குதில்ல. சுவிட்ச மட்டும் பாருங்க. மத்ததுல கை வைக்காதீங்க."

"எப்ப வேணும்?"

"வாற கிழம கடற்கரையில நினைவுக் கூட்டம். பேர் எல்லாம் வாசிச்சு முடிய நான் ஒரு மெட்டு வாசிக்கிற. அது முடிஞ்ச கையோட ரெண்டு நிமிசம் மௌனம். இது ஓன்ல இருந்தா நரம்பத் தொடாட்டியும் இரையும். அந்த நேரத்துல நிக்காட்டி பெரிய வெக்கம் நானா."

கடல் வந்த நாளின் நினைவுக் கூட்டம். வருடாவருடம் அந்தக் காலையில் காரைதீவுக் கரையிலும் எங்கள் மருதமுனைக் கரையிலும் ஆட்கள் கூடுவார்கள். எந்த நாள் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர் சொன்னதில் இரண்டு விஷயம் இருந்தது. சுவிட்சைப் பார். மற்றதில் கை வைக்காதே. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். நான் முப்பது வருட அனுபவசாலி, ஆகவே எனக்கு விளங்கவில்லை.

அவர் போனதும் மூடியைக் கழற்றினேன். உள்ளே கண்ட காட்சி எனக்குத் தனிப்பட்ட அவமானமாகப் பட்டது. வயர்களில் உப்புப் பூத்திருந்தது. பற்றரியைத் தொடும் இரண்டு தகடுகளிலும் பச்சைக் களிம்பு தடிப்பாக ஏறிக் கிடந்தது. மூலைகளில் மண். சோற்றுக் கரண்டியால் ஒரு கரண்டி அள்ளலாம், அவ்வளவு கடல் மண். என் மாவட்டத்தில், நான் உயிரோடு இருக்கும்போதே, ஒரு பெட்டி இந்தக் கோலத்தில் திரிவதா?

சுவிட்சுக்குப் பத்து நிமிடம் கொடுத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நாலு தரம் அமுக்கினேன், டக் டக் என்றது, சரி என்று விட்டுவிட்டேன். மற்றதற்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்தேன். மண்ணைத் தட்டிக் குப்பைக் கூடையில் கொட்டினேன். தின்னரால் கழுவினேன். களிம்பைச் சுரண்டித் தகடுகளைப் பளபளப்பாக்கினேன். வயர்களை மாற்றினேன். புதுப் பற்றரி ஒன்றும் இனாமாகப் போட்டேன். வெளியே வெள்ளிப் பெயின்ற் அடிக்கவும் யோசித்தேன், ஆனால் டின் காலியாக இருந்தது. அந்த ஒரு பெயின்ற் டின்னுக்காக நான் இன்றைக்கும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நேசன் வந்தார். கடையிலிருந்த கிற்றாரை மாட்டி, பெடலை மிதித்து, ஒரு நரம்பை இழுத்தார்.

அருமையான சத்தம். காலையில் குளித்து, தலைசீவி, பவுடர் பூசிய பிள்ளை மாதிரி. கையைக் கட்டிக்கொண்டு பாராட்டுக்காக நின்றேன்.

அவர் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு கிற்றாரை மெதுவாக மேசையில் வைத்தார்.

"நானா, என்ன செஞ்சீங்க?"

நான் பட்டியலை வாசித்தேன். இனாம் பற்றரியைக் கடைசியில், பணிவோடு சொன்னேன்.

"உள்ளுக்க இருந்த மண்?"

"மண்ணா? அத எறிஞ்சிட்டன் சேர். எவ்வளவு மண் தெரியுமா, ஒரு கரண்டி இருக்கும்!"

வாடிக்கையாளர் கதிரை இருக்க, மனிதர் தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். துருவுக்குள் ஆணியால் கீறிய ஒரு பெயர் இருந்தது. நான் பெயின்ற் அடிக்க நினைத்த இடம் அதுதான்.

"என்ட தம்பிட பெட்டி. கடல் கொண்டுபோன, ஆள் கிடைக்கல்ல. வீடும் இல்ல. மூணு கிழம கழிச்சு வேலிக்கரையில மண்ணுக்க இது கிடந்திச்சு. காயவெச்சு பற்றரி போட்டுப் பாத்தன், வேலை செஞ்சிச்சு. ஆனா முந்தி இருந்த சத்தம் இல்ல. தொண்ட அடைச்ச ஆள் கதைக்கிற மாதிரி, இடைக்கிட நிண்டு நிண்டு வந்திச்சு. அம்மா அத நம்மட சின்னவன்ட குரல் எண்டா. அண்டைக்கிருந்து வருசத்துல ஒரு தரம் அந்தக் கரையில வாசிக்கிறன். அம்மா முன்வரிசையில அதுக்காகத்தான் வந்து இருக்கிற. நாளையிண்டைக்கு நான் என்னத்த வாசிக்கிற நானா?"

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நன்றாக வரும். அவர் கேள்வியை மட்டும் வைத்துவிட்டுப் பதிலுக்கு இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. குப்பைக் கூடையை எட்டிப் பார்த்தேன். காலையிலேயே குப்பை வண்டி வந்து போயிருந்தது. மற்ற நாட்களில் ஆடி அசைந்து வருகிற வண்டி அன்று மட்டும் கடமை தவறவில்லை.

"சேர், நாளைக்கு பின்னேரம் அசருக்குப் பிறகு உங்கட வீட்டுக்கு வாறன். அந்தச் சத்தத்தோட வாறன்" என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

இதைத்தான் நீங்கள் நெருக்கடி என்று குழுவில் போடுவீர்கள். அப்படியான நேரத்தில் ஒரு தொழில் விற்பன்னன் என்ன செய்வான்? பைத்தியக்காரன் செய்வதையெல்லாம் வரிசையாகச் செய்வான். கழற்றிப் போட்ட பழைய வயர்களைத் தேடியெடுத்துத் திரும்பவும் ஈயம் வைத்தேன். அந்தச் சத்தம் வரவில்லை. என்னிடமிருந்த வேறு இரண்டு பெடல்களைக் கோத்துப் பார்த்தேன். தடிமல் பிடித்த ஆடு கத்தியது. மருதமுனைக் கடற்கரைக்கே போய் உப்புத் தண்ணீரும் ஒரு பிடி மண்ணும் கொண்டுவந்தேன். தண்ணீரைத் தூரிகையால் பூசினேன். இருபது வருடம் செய்த வேலையை இருபது நிமிடத்தில் செய்யக் கடலுக்கு விருப்பம் இருக்கவில்லை.

மறுநாள் பகல் சோறு இறங்கவில்லை. என் மனைவி மருதமுனையில் தறி நெய்கிறவள். அவளுடைய முதல் தறியையும் அந்தக் காலைதான் கொண்டுபோனது. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அவளிடம் முழுக்கதையையும் சொன்னேன், முக்கியமாக என் நியாயத்தைச் சொன்னேன்.

"நான் என்ன குறை வெச்ச? களிம்பெல்லாம் சுரண்டி, புதுப் பற்றரியும் போட்டு, அதுக்கு வேண்டிய கரண்ட முழுசாக் குடுத்திரிக்கன். என்னத்துக்கு அந்தச் சத்தம் வருதில்ல?"

அவள் மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "பசியில அழுத புள்ளைக்கு வகுறு நிறையச் சோத்தக் குடுத்துப்போட்டு, இப்ப ஏன் அழுதில்ல எண்டு கேக்கிறீங்க."

சொல்லிவிட்டு அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கையைக் கழுவாமல் எழுந்தேன்.

பசி! தகட்டில் தடித்துக் கிடந்த அந்தக் களிம்புதான் பற்றரியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் அரைவயிற்றுக்குத்தான் கரண்ட் போயிருக்கிறது. பட்டினியில் அது திக்கித் திணறியதைத்தான் காரைதீவில் ஒரு தாய் மகனின் குரல் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கழற்றிய சாமான்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன், சுரண்டி எறிந்த அழுக்கை எண்ணவில்லை. அழுக்கும் ஒரு சாமான் என்று எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. வாடிக்கையாளர் சொல்லித்தான் இருந்தார், ஆனால் அவர் கணித வாத்தியார்தானே!

பற்றரி வயரின் நடுவில், கரண்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகு ஒன்றை வைத்தேன். திருகத் திருகச் சத்தம் மெலிந்து, பிசிறி, ஓரிடத்தில் தொண்டையை அடைத்தது. வந்துவிட்டது. ஆனால் சரியான இடம் எது? அந்தக் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதை மகனின் குரல் என்று அறிந்த காது இரண்டுதான், அவை காரைதீவில் அந்தத் தாயிடம் இருந்தன.

அசர் தொழுதுவிட்டுப் புறப்பட்டேன். ஒரு தொழில் இரகசியமும் சொல்கிறேன், வெளியே விடவேண்டாம். போகும்போது அந்த மருதமுனை மண்ணில் ஒரு கரண்டியைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். கேட்டால், "அதே மண்தான் அம்மா, எடுத்து வெச்சிருந்தன்" என்று சொல்வதாக முடிவு. வழியெல்லாம் அந்த வசனத்தைப் பழகிக்கொண்டே போனேன்.

நேசனின் தாய் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மெலிந்த மனுசி, பார்வை மட்டும் கூர். நேசன் நரம்பை இழுக்க, நான் நிலத்தில் குந்தியிருந்து திருகைத் திருப்பினேன்.

"இல்ல" என்றார்.

இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

"இன்னும் இல்ல தம்பி. அவன் இவ்வளவு தெளிவாக் கதைக்கமாட்டான்."

இன்னும் கொஞ்சம். சத்தம் உடைந்து, நின்று, திரும்பி வந்தது. அந்தத் தாய் முந்தானையை எடுத்து வாயில் வைத்தார். நேசன் கண்ணால் காட்டினார். நான் கையை எடுத்தேன்.

பிறகு அம்மா பெட்டியை வாங்கி மடியில் வைத்து லேசாக அசைத்தார். உள்ளே மண் சரசரத்தது.

"இது அந்த மண்ணா தம்பி?"

வழியெல்லாம் பழகிய வசனம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. சத்தியமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை.

"இல்லம்மா. இது மருதமுனைக் கடக்கரை மண். அத நான் குப்பையில எறிஞ்சிட்டன். வண்டி கொண்டுபோயிட்டுது. என்ன மன்னிச்சிருங்க."

"எவ்வளவு இருந்திச்சு?"

"ஒரு கரண்டி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ட வீட்டுக்குள்ள இடுப்பளவுக்கு வந்திச்சு தம்பி. ஒரு கரண்டிக்கு ஏன் இப்பிடி வேர்க்கிறீங்க? மருதமுனைக்கும் அதே கடல்தானே வந்த. முகத்தத் துடைங்க, தேத்தண்ணி குடிங்க."

தேநீர் குடித்தேன். என் மண்ணை அவர்கள் வேலியோரத்தில் கொட்டினேன். திருகு நின்ற இடத்தை அளந்து, அதே அளவுக்குக் கரண்டைத் தடுக்கிற ஒரு ரெசிஸ்டரை அங்கேயே இருந்து ஈயம் வைத்து மூடினேன். வீட்டுக்குத் திரும்பும்போது நான் பெரிய ஆள் என்ற நினைப்பு பாதி வழியிலேயே திரும்ப வந்து ஏறிக்கொண்டது. நம் தொழிலில் அது நிரந்தர வியாதி.

அடுத்த நாள் காலை கடற்கரைக்குப் போனேன். அம்மா என்னைக் கூப்பிட்டுத் தனக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். பெயர்களை வாசித்தார்கள். நீளமான பட்டியல். முடிந்ததும் நேசன் பெடலை மிதித்து அந்த மெட்டை வாசித்தார். அந்தக் குரல் வந்தது. நின்று நின்று, அடைத்து அடைத்து, அம்மா அடையாளம் சொன்ன அதே இடத்தில் நின்று கதைத்தது. நான் அழுதேன். வயது போனால் கடற்காற்றுக் கண்ணுக்கு ஆகாது.

மெட்டு முடிந்தது. மைக்கில் மௌனம் என்றார்கள். எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். நேசன் சுவிட்சை மிதித்தார்.

நிற்கவில்லை.

இன்னொரு தரம் மிதித்தார். நிற்கவில்லை. அத்தனை பேர் அசையாமல் நிற்க, கடலின் இரைச்சலோடு அந்தப் பெட்டி ம்ம்ம் என்று இரைந்துகொண்டிருந்தது. நேசன் கையை நரம்பில் வைத்தபடி உறைந்துபோய் என்னைப் பார்த்தார். அவர் செய்யச்சொன்ன வேலை ஒன்றே ஒன்றுதான். அதற்கு நான் கொடுத்தது பத்து நிமிடமும் ஒரு சொட்டு எண்ணெயும்.

ஸ்பீக்கர் பெட்டியின் மின்சார வயரைப் பிடுங்க நான் கால் எடுத்து வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

"இரிங்க தம்பி" என்றார், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி. "விடுங்க. சின்னவனும் நிப்பாட்டு எண்டா நிப்பாட்டுறவன் இல்ல."

இரண்டு நிமிடம் முடியும்வரை அவர் கையை விடவில்லை. அதுவும் நிற்கவில்லை.

அன்று பகலே நேசனோடு கடையைத் திறந்து, அந்தச் சுவிட்சைக் கழற்றி அதன் தகட்டைப் பிரித்தேன். எண்ணெயில் ஊறி, ஓரமாக ஒட்டிக்கொண்டு, உள்ளே நாலைந்து மண் பருக்கை கிடந்தது. நான் துடைக்காமல் விட்ட ஒரே இடம். நேசன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். சுவிட்சைச் சரிசெய்தேன். ஊசி நுனியால் அந்த மண்ணை ஒவ்வொன்றாக எடுத்து, பெட்டியின் மூலையில் போட்டு, மூடியை முறுக்கினேன்.

கடை இனி இல்லை. அந்தப் பெட்டி ஒரு நாள் உங்களில் ஒருவரிடம் வரும். துருவேறியது, அடியில் ஆணியால் கீறிய பெயர் இருக்கும். பற்றரி வயரில் காரணமில்லாத ஒரு ரெசிஸ்டர் இருக்கும், யாரோ மடையன் வைத்தது என்று நினைப்பீர்கள், அந்த மடையன் நான்தான். மூலையில் நாலைந்து மண் பருக்கை இருக்கும். கையில் துணியோடு இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கீழே வையுங்கள்.